வில்லேனூர் என்று தேடினால் கிடைக்கும்

என் ஆயா வில்லியனூரில் பிறந்தவர். புதுச்சேரிக்கு மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், திருக்காமீஸ்வரர் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர் அது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைப்பார் என்று ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றும் அந்த வழக்கப்படி துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். ஆயா இறந்து பல ஆண்டுகள் கழித்து, கடந்த தை மாதத்தில் ஓர் இரவு, அந்த ஊரைப் பற்றி 1914-இல் எடுக்கப்பட்ட ஒரு சிறு படம் இருக்கிறது என்பதையும், பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் இணையச் சேகரிப்பில் அதைக் கட்டணமின்றி யாரும் பார்க்கலாம் என்பதையும் அறிந்தேன்.

பிரான்சின் பாத்தே நிறுவனம் எடுத்த படம் அது. அந்த நிறுவனத்தின் பெயரைக் கிராமபோன் இசைத்தட்டு சேகரிப்பவர்களும் அறிவார்கள். படத்தின் தலைப்பு ‘வில்லேனூர்’. பிரெஞ்சு அலுவலர்கள் தங்கள் நாவுக்கு வந்தபடி எழுதிய ஊர்ப்பெயர் அப்படியே தலைப்பில் நின்றுவிட்டது. நான் இதற்கு முன் பலமுறை வில்லியனூரைப் பற்றி ஏதேனும் பழைய படம் கிடைக்குமா என்று தேடியிருக்கிறேன். நாம் இன்று ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துக்கூட்டலைக் கொண்டு தேடியதால் ஒருமுறைகூட அது அகப்படவில்லை. இருந்த இடத்தில் அது இருந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில் மடிக்கணினியை அப்பாவின் முன் வைத்து அந்தப் படத்தை ஓடவிட்டேன். அவருக்கு எழுபத்தொன்பது வயது. புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த 1954 நவம்பரில் அவர் எட்டு வயதுச் சிறுவன். தன் அம்மா பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய வில்லியனூர் கண்முன் அசைவதைப் பார்த்தவர், கோயிலையும் மரங்களையும் விட மனிதர்களின் முகங்களையே கூர்ந்து பார்த்தார். “நிறுத்தும்மா, கொஞ்சம் நிறுத்து” என்று அவர் சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திக் காட்டியதில், சில நிமிடப் படத்தைப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் யாரைத் தேடினார் என்பது எனக்குத் தெரியும். ஆயாவின் அப்பாவுக்குப் புகைப்படம் எதுவும் கிடையாது. அவருடைய முகத்தை என் அப்பாவே பார்த்ததில்லை என்பதால், அவர் அந்தப் படத்தில் இருந்திருந்தாலும் அடையாளம் காண வழியில்லை. அதை அறிந்தும் அவர் தேடினார்.

அந்தப் படத்தில் வண்ணம் இருக்கிறது என்பதைப் படிப்பவர்கள் நம்பத் தயங்கலாம். வண்ணப் படச்சுருள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பாத்தே நிறுவனம் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் துளை அச்சு (ஸ்டென்சில்) முறையில் வண்ணம் ஏற்றி வந்தது. நம் வீட்டு வாசலில் கோல அச்சை வைத்து மாவைத் தூவுகிறோமே, ஏறக்குறைய அதே முறைதான். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிப் படச்சுருளை எடுத்து, அந்த வண்ணம் விழவேண்டிய பகுதியை மட்டும் சட்டம் சட்டமாக (ஃப்ரேம் ஃப்ரேமாக) வெட்டி நீக்குவார்கள். அந்தத் துளையுள்ள சுருளைத் திரையிடவேண்டிய சுருளின் மேல் பொருத்தி, துளைகளின் வழியே சாயம் இறங்கச் செய்வார்கள். பாரிசுக்கு அருகில் உள்ள வென்சேன் என்ற இடத்தில் இதற்கென ஒரு பட்டறை இருந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே உட்கார்ந்து இந்த வெட்டும் வேலையைச் செய்தார்கள். ஒரு நொடிப் படத்தில் பதினாறுக்குக் குறையாத சட்டங்கள் இருக்கும் என்றால், சில நிமிடப் படத்துக்கு அவர்கள் எத்தனை முறை கையை நகர்த்தியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வில்லியனூரை ஒருநாளும் பார்த்திராத அந்தப் பெண்கள், அதன் மரங்களுக்கும் மனிதர்களின் துணிகளுக்கும் இன்ன வண்ணம் என்று தீர்மானித்தார்கள். எனவே அந்த வண்ணத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் அதில் உள்ள உழைப்பு உண்மையானது.

இன்று யூடியூபில் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்குக் கணினியின் துணையால் வண்ணம் பூசி, கூர்மையேற்றி, பின்னணியில் இசையும் சேர்த்து வெளியிடும் அலைவரிசைகள் பெருகிவிட்டன. அவை கண்ணுக்கு இதமாக இருக்கலாம். ஆயினும் நான் அவற்றைத் தவிர்த்துவிடுகிறேன். எந்த ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்தார்கள், எந்த ஆண்டு, எந்த ஊர் என்ற விவரம் பெரும்பாலும் அவற்றில் இருக்காது. கணினி ஊகித்த வண்ணம் இல்லாத ஒன்றை இருந்ததாகக் காட்டும். முகத்தைக் கூர்மையாக்குகிறேன் என்று அது வரைவது வேறொருவரின் முகமாகவும் ஆகிவிடக்கூடும். அப்பா தேடியது போலத் தேட விரும்புகிறவருக்கு, மங்கலாக இருந்தாலும் மூலப்படமே வேண்டும்.

வில்லியனூருக்குப் பிறகு நான் முறையாகத் தேடத் தொடங்கினேன். முதலில் கற்றுக்கொண்டது, படத்துக்கு விவரம் எழுதியவர் எப்படிச் சிந்தித்திருப்பார் என்று நாம் சிந்திக்கவேண்டும் என்பதுதான். தஞ்சாவூர் என்று தேடினால் வராதது டான்ஜோர் என்று தேடினால் வரும். டிரிச்சினோபொலி, மதுரா, டின்னெவெல்லி, டூட்டிகோரின், கஞ்சீவரம், நெகபட்டாம், டிராங்குபார், சிலோன் என்று அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு பட்டியலே எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பரதநாட்டியம் என்ற சொல் அந்தக் கால விவரக் குறிப்புகளில் இருக்காது. நாச் என்று இருக்கும். தேர்த்திருவிழாவை அவர்கள் ஜகர்நாட் என்று எழுதியிருப்பார்கள். பல குறிப்புகளில் ஊரின் பெயரே இல்லாமல் தென்னிந்தியா என்று மட்டும் இருக்கும். சிலவற்றில் அதுவும் இல்லாமல் இந்தியா என்று மட்டும் இருக்கும். மனிதர்களுக்கு ‘நேட்டிவ்’ என்பதைத் தவிர வேறு பெயர் இராது. அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து தேடும்போது இன்றும் எனக்கு மனம் சுருங்குகிறது. ஆனால் அதைக் கொண்டு தேடினால்தான் அவர்கள் கிடைக்கிறார்கள்.

விவரக் குறிப்பு தவறாகவும் இருக்கலாம் என்பதற்கு மிகப் பழைய சான்றே ஒன்று உண்டு. இந்தியாவில் எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று 1899-இல் எடுக்கப்பட்டது. கங்கையில் செல்லும் படகிலிருந்து பார்க்கும் கல்கத்தாவின் காட்சி என்று அதற்குத் தலைப்பு இட்டிருந்தார்கள். படத்தைப் பாருங்கள்: படகு நகர நகரக் கரையோரப் படித்துறைகளும் நீராடும் மக்களும் வந்துகொண்டே இருப்பார்கள். அது கல்கத்தா அல்ல, காசி. காசிக்குப் போய்வந்த நம் ஊர்ப் பெரியவர் யாரிடம் காட்டியிருந்தாலும் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார். இந்தப் படமும் வில்லியனூர்ப் படமும் 1899 முதல் 1947 வரையிலான இந்தியப் படங்களின் தொகுப்பாக 2017-இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் இணையத்தில் திறந்துவிட்டவற்றில் அடங்கும்.

இப்படித் திறந்துவிடப்பட்ட களஞ்சியங்கள் பல இருக்கின்றன. பிரிட்டிஷ் பாத்தே என்ற செய்திப்பட நிறுவனம் 2014-இல் தன்னிடமிருந்த 85,000 படங்களை யூடியூபில் ஏற்றியது. அடுத்த ஆண்டே அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம், மூவிடோன் செய்திப்படங்களையும் சேர்த்து, ஐந்தரை லட்சம் காட்சிகளை ஏற்றியது. பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளைப் பற்றிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு விவரப் பட்டியல் தயாரித்த ஓர் ஆய்வுத்தளமும் உண்டு. அதில் நேரடியாகப் பார்க்கக் கிடைப்பவை நூற்றைம்பதைச் சற்று மிஞ்சும். எண்ணிக்கை குறைவென்றாலும், படத்தை யார் எடுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று விளக்கும் கட்டுரைகளைப் பலவற்றுக்கும் சேர்த்திருப்பதால் நான் அதிகம் கற்றது அங்கேதான். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பார்ப்பதோடு பதிவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். ஈழத்துத் தமிழருக்கு நூலகம் நிறுவனம் நடத்தும் ஆவணகம் இருக்கிறது.

நம் அரசின் பிலிம்ஸ் டிவிஷனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1948-இல் தொடங்கி 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்படும் வரை அது ஆயிரக்கணக்கான ஆவணப் படங்களை எடுத்தது. கொட்டகையில் படம் போடுவதற்கு முன்னால் அவர்களுடைய நியூஸ் ரீலைக் காட்டியே தீரவேண்டும் என்ற விதி இருந்ததால், என் அப்பாவின் தலைமுறையினர் அனைவரும் அவற்றைப் பார்த்திருக்கிறார்கள். அணை திறப்பு, வெள்ளச் சேதம், குடியரசு நாள் அணிவகுப்பு என்று அவை ஓடும்போது வெளியே சோடா குடித்துக்கொண்டிருந்ததாக அப்பா சொல்கிறார். அன்று கவனிக்காமல் விட்டதை இன்று அவர் மதிய உணவுக்குப் பின் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அரசு எடுத்தவை என்பதால் அரசின் குரலே அவற்றில் ஓங்கி ஒலிக்கும். ஆயினும் கேமராவின் முன் தற்செயலாக வந்துபோனவர்கள் அரசின் ஆட்கள் அல்லர்: அணைக்கட்டில் கல் சுமக்கும் பெண்ணின் தலையில் இருக்கும் சும்மாடு, வகுப்பறைப் பலகையில் பாதி அழிந்த எழுத்து, அமைச்சர் பேசுகையில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை. விவரிப்பாளரின் குரலை அடைத்துவிட்டு ஒருமுறை பார்த்தால்தான் இவையெல்லாம் கண்ணில் படும்.

பார்ப்பதற்கும் சில பயிற்சிகள் தேவை. ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றி, நொடிக்குப் பதினாறு அல்லது பதினெட்டுச் சட்டங்கள் என்ற கணக்கில் படம் எடுத்தார்கள். பேசும்படத்துக்கான இருபத்துநான்கு சட்டக் கணக்கில் அதை ஓட்டினால் மனிதர்கள் குதித்துக் குதித்து ஓடுவார்கள். அந்தக் காலத்து மக்கள் அப்படி நடந்தவர்கள் என்று நாம் சிறுவயதில் நினைத்துச் சிரித்திருக்கிறோம். யூடியூபில் ஓட்டவேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துப் பாருங்கள். அவர்கள் நம் தெருவில் நடப்பவர்களைப் போலவே நிதானமாக நடப்பார்கள். முறையாகப் பராமரிக்கும் காப்பகங்கள் இந்தத் திருத்தத்தைத் தாமே செய்துவிடுகின்றன.

தேதி குறிப்பிடப்படாத படங்களுக்குக் காலம் கணிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலையாகிவிட்டது. சென்னையின் தெருவில் டிராம் ஓடினால் அது 1895-க்கும் 1953-க்கும் இடைப்பட்டது. ரிப்பன் கட்டடம் தெரிந்தால் 1913-க்கு முன்னே போக முடியாது. கடற்கரையில் உழைப்பாளர் சிலையோ, மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடமோ தெரிந்தால் 1959 அல்லது அதற்குப் பிறகு. சுவரில் ஒட்டியிருக்கும் சினிமாச் சுவரொட்டி ஒன்று படிக்கும்படி தெரிந்துவிட்டால், அந்தப் படம் வெளியான மாதம் வரைக்கும் நெருங்கிவிடலாம்.

யாருக்காக எடுக்கப்பட்டது என்பதையும் கேட்காமல் இருக்கக் கூடாது. 1934-இல் பாசில் ரைட் இலங்கையில் எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’ உலக ஆவணப்பட வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் படம். அதன் காட்சிகளின் அழகை நானும் மறுக்கவில்லை. சிலோன் தேயிலை விளம்பர வாரியம் பணம் கொடுத்து எடுக்கப்பட்டது அது. 1681-இல் இராபர்ட் நாக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய நூலின் வரிகளை இலங்கைக் கலைஞர் லயனல் வென்ட் படிக்க, மலையும் புத்தர் சிலைகளும் கண்டி நடனமும் வருகின்றன. வணிகத்தின் குரல்கள் என்று ஒரு பகுதிக்கே பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தேயிலையைப் பறிப்பதற்காகத் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கடல் கடந்து கொண்டுபோகப்பட்ட மலையகத் தமிழரின் கதை அந்தப் படத்தில் சொல்லப்படவில்லை. நான் அதை இரண்டாம் முறை பார்த்தது இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான். அப்போது அந்த அழகு எனக்குக் கனமாக இருந்தது.

குரல் என்றதும் காந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். 1931-இல் குஜராத்தின் போர்சத் என்ற ஊரில் பாக்ஸ் மூவிடோன் நிறுவனம் அவரைப் பேட்டி கண்டு எடுத்த படம் யூடியூபில் இருக்கிறது. காந்தி பேசுவதைப் படச்சுருளில் ஒலியோடு பதிவு செய்தவற்றில் அதுவே முதல் என்பார்கள். வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் போனால் ஐரோப்பிய உடை அணிவீர்களா என்று கேட்கிறார்கள். அணியமாட்டேன், குளிர் அனுமதித்தால் இப்போது இருப்பது போலவே போவேன் என்கிறார். மன்னர் விருந்துக்கு அழைத்தாலுமா என்றால், வேறு உடையில் போவதுதான் அவருக்கு மரியாதைக்குறைவு, ஏனென்றால் அது செயற்கையாகிவிடும் என்கிறார். அச்சில் படித்தால் இது சாமர்த்தியமான பதிலாகத் தோன்றும். படத்தில் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தாழ்ந்த குரலில், ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருந்து, சொல்லைத் தேடிப் பேசுகிறார். அந்த மௌன இடைவெளிகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இப்படிப்பட்ட காட்சிகளைத் தேடிச் சேர்க்கும் பணியை, இணையம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், ஒரு தமிழர் தனியாகச் செய்தார் என்பதை இந்தத் தேடலில்தான் நான் உள்ளபடி உணர்ந்தேன். கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியாரை நாம் பயண நூல்களுக்காகவும் குமரி மலர் இதழுக்காகவும் அறிவோம். 1937 அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டானது. உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைந்து, முப்பது ஆண்டுகளில் நூறு பேர் போல எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடிப் பிடித்து, 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்தார். முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருளில் தொண்ணூறு அடி ஒரு நிமிடம் ஓடும். எனவே அது ஒன்பது மணி நேரத்துக்கும் மேலான காட்சி. நான் இரவில் சாய்வு நாற்காலியில் இருந்தபடி அரை நிமிடத்தில் தேடி எடுக்கும் காட்சிகளின் ஒரு துண்டுக்காக அவர் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, கப்பலேறிப் போய், கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறார். 1940 ஆகஸ்டில் அந்தப் படம் தமிழ் விளக்கத்தோடு சென்னையில் வெளியானபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

அத்தனை பாடுபட்டுச் சேர்த்த அந்தத் தமிழ்ப் படம் இன்று நம் கையில் இல்லை. 1953-இல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இருப்பதை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி கண்டறிந்ததால், சுருக்கமான அந்த வடிவமாவது எஞ்சியது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த கீசக வதம், 1931-இன் காளிதாஸ் என்று நாம் இழந்தவற்றின் வரிசையில் இதையும் சேர்த்துச் சொல்லும்போது எனக்குத் தாங்கவில்லை. படச்சுருள் எரியும், உளுத்துப்போகும், அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கவும் படும். நம் நாட்டில் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப்படங்களில் முப்பதைக்கூட நம்மால் காப்பாற்ற முடியவில்லை.

எஞ்சியவற்றில் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது, பாலசரஸ்வதியைப் பற்றிச் சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த ‘பாலா’. பதினான்கு வயதில், 1935-இல், கல்கத்தாவில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்த ராய், நாற்பது ஆண்டுகள் கழித்து அவரைப் படமெடுக்க வந்தார். கடற்கரையில், காற்று சேலையை அலைக்க அலைக்க, ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பாடலுக்கு ஐம்பத்தெட்டு வயதுப் பாலசரஸ்வதி அபிநயம் பிடிக்கிறார். காற்று நடனத்துக்கு இடையூறு என்று சொல்பவர்கள் உண்டு. என் கண்ணுக்கு, காற்றோடு போராடாமல் அதைப் பொருட்படுத்தவும் செய்யாமல் அந்தக் கைகள் குழந்தையை அழைப்பது மட்டுமே தெரிகிறது. படத்தில் இன்னொரு நடனமும் உண்டு. அதற்கு அவர் கட்டியிருப்பது, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் முதன்முதலாக ஆடியபோது கட்டிய அதே சலங்கை. இதை அறிந்தபின் அவர் முகத்தை விட்டுக் காலையே பார்த்தபடி ஒருமுறை அந்தப் பகுதியைப் பார்த்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் உரிமையோடு கிடைப்பதல்ல. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் நீடிக்கும். எனவே பாலா 2036 வரை உரிமையுள்ள படம். அதன் பிரதிகளை யார் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். ஒரு நாள் இருப்பது மறுநாள் காணாமல் போகிறது. உரிமையாளரே திறந்து வைத்த படத்தையும், காலம் கடந்து பொதுச்சொத்தான படத்தையும், எவரோ எடுத்து ஒட்டிய படத்தையும் பிரித்தறிந்து பார்ப்பது நம் கடமை. அரசின் பொருளுதவியோடு எடுக்கப்பட்ட இத்தகைய படங்களை, முறையாகத் துலக்கி, உரியவர்களே இணையத்தில் நிலையாக வைக்கவேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில், எங்கள் வீட்டுப் பீரோவில் இருந்த மூன்று வி.எச்.எஸ். கேசட்டுகளின் நினைவு அப்பாவுக்கு வந்தது. 1989-இல் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தபோது, சித்தப்பா கல்யாண வீடியோ எடுப்பவரை அமர்த்தி, விடிய விடிய நடந்த ‘கர்ண மோட்சம்’ கூத்தைப் பதிவு செய்திருந்தார். கேசட்டுகளில் பூஞ்சை படிந்திருந்தது. கணினிக் கோப்பாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் நம்பிக் கொடுத்தோம். பூஞ்சையைத் துடைக்காமலே கருவியில் போட்டு ஓட்டியதால் மூன்றாவது கேசட்டின் நாடா அறுந்து, ஏறக்குறைய நாற்பது நிமிடக் காட்சி போய்விட்டது. கர்ணன் களத்தில் விழும் பகுதி அது. கடைக்காரர் பணம் வாங்க மறுத்தார். அதனால் எங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. போர்க்களம் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம் மட்டும் முழுமையாகத் தப்பியிருக்கிறது. பொன்னுருவி வேடத்தில் இருப்பவர் ஆண். விளக்கொளியில் அவர் முகத்து அரிதாரம் வியர்வையில் கரைந்து கழுத்தில் வழிவது வரை தெரிகிறது. பின்பாட்டுக்காரர்களுக்கு அருகே, தூக்கக் கலக்கத்தில் சித்தப்பாவின் மடியில் சாய்ந்திருக்கும் பாவாடைச் சிறுமி நான்.

அதை இணையத்தில் ஏற்றுவதற்கு முன், அந்தக் குழுவின் ஆசிரியருடைய மகனைத் தேடிப்போய் அனுமதி கேட்டோம். அவர் தன் செல்பேசியில் தம் அப்பாவின் குரலைக் கேட்டார். கேட்டு முடிக்கும் வரை எங்களோடு பேசவில்லை. பிறகு தாராளமாகப் போடுங்கள் என்றார்.

விவரக் குறிப்பை எழுத அப்பாவும் நானும் மூன்று மாலைப் பொழுதுகளைச் செலவிட்டோம். ஊரின் பெயரைத் தமிழிலும், இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும், பழைய வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலிலும் எழுதினோம். மாதம், கோயில், கூத்தின் பெயர், எந்த நிமிடத்தில் எந்தக் கட்டம் தொடங்குகிறது என்பது எல்லாம் எழுதினோம். பிறகு ஆட்களின் பெயர்கள். கர்ணன், பொன்னுருவி, சல்லியன், கட்டியங்காரன் என்று ஒவ்வொரு வேடத்துக்கும் உரியவரை அப்பா நினைவிலிருந்து சொல்ல, ஆசிரியரின் மகன் தொலைபேசியில் திருத்தம் சொன்னார். மத்தளம், ஆர்மோனியம், தாளம் என்று வாத்தியக்காரர்களும் கிடைத்துவிட்டார்கள். முகவீணை வாசித்தவரின் பெயர் மட்டும் இருவருக்கும் நினைவில்லை. ஒல்லியான உருவம், கழுத்தில் சிவப்புத் துண்டு, கன்னம் உப்பி அடங்க இரவெல்லாம் வாசித்துக்கொண்டே இருக்கிறார். கேமரா அவர் பக்கம் நான்கு முறைதான் திரும்புகிறது.

அந்த ஒரு வரியை வெறுமையாக விட்டு ஏற்றிவிடலாம் என்றேன். அப்பா ஒப்பவில்லை. அவர் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர் என்பது வரைக்கும் நினைவுக்கு வந்திருக்கிறதாம். நான்கு காட்சிகளிலும் முகம் நன்றாகத் தெரியும் ஒன்றை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பேருந்தில் இருவரும் அந்த ஊருக்குப் போகிறோம்.